வாசலுக்கு இடப்பக்கம்

ஐஸ் கம்பெனி ஷட்டரில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.
பசை காயுமுன் ஆடு ஒரு மூலையைத் தின்றுவிட்டது.
மிச்சத்தை நான்தான் வாசித்தேன்,
குழுவுக்குச் செயலாளர் ஆயிற்றே.

பச்சை மக்குவதற்கு, நீலம் மக்காததற்கு.
வாசலுக்கு இடப்பக்கம், சாலையிலிருந்து இரண்டடி தள்ளி.
காலை ஆறரைக்கு வெளியே, பொழுது சாயுமுன் உள்ளே.
மூடி எப்போதும் மூடியிருக்க வேண்டும்.
மீறினால்...
அதற்குமேல் உள்ளது ஆட்டின் வயிற்றில்.

"இடப்பக்கம்னா உள்ள நின்னு பாத்தா,
வெளிய நின்னு பாத்தா?"
சீனி உம்மாள் கேட்டதில் நியாயம் இருந்தது.
எங்கள் வீடுகளுக்கு இரண்டு வாசல்.
கடலைப் பார்த்த வாசலில் வலை வரும்,
ரோட்டைப் பார்த்த வாசலில் வட்டிக்காரன் வருவான்.

தொட்டி தந்தவர்கள் வண்டி தரவில்லை.
மேற்கு ஊராட்சி வண்டி டிரான்ஸ்பார்மரோடு திரும்பிவிடும்.
கிழக்கு ஊராட்சி வண்டி உப்பளத்து மடையோடு.
நடுவில் நாங்கள் எழுபத்து மூன்று வீடு,
வரைபடத்தில் விரல்கடை அகலத்துக்கு வெள்ளை.
மனு கொண்டுபோனோம்.
மேற்கு கிழக்கைக் காட்டியது, கிழக்கு மேற்கைக் காட்டியது.
இரண்டு கையும் எங்கள் தலைக்கு மேலாகத்தான் போயின.

சும்மா கிடக்குமா தொட்டி?
பச்சையில் ஜெரோன்சி கருவாட்டுக்கு உப்புக் கரைத்தாள்.
நீலத்தில் களஞ்சியம் நண்டைப் போட்டு மூடினான்,
மூடி மூடியிருக்க வேண்டும் என்ற விதி
நண்டுக்கு அப்படிப் பொருந்தியது.

குப்பை பழைய வழியே போயிற்று:
கருவேலங்காட்டுக்கு,
அங்கிருந்து காற்றோடு கடலுக்கு,
கடலிலிருந்து வலையோடு வீட்டுக்கு.
ஒருநாள் விடியலில் களஞ்சியத்தின் வலையில் ஏறியது
ஊதிப்போன ஒரு டயப்பர்.
மஞ்சள் வாத்து போட்டது.
அவன் மகளுக்கு வாங்கியதும் மஞ்சள் வாத்துதான்.
யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.
நண்டை வேறு கூடைக்கு மாற்றினான்,
தொட்டியை மூன்று முறை கழுவினான்.

அதற்குப் பிறகு நாங்களே எழுதினோம்,
தண்ணீர்த் தொட்டிச் சுவரில், படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டால்:
வள்ளம் இறக்கும் பாதையில் தொட்டி வைக்காதே.
மீன் தலை நாய்க்கு. நாய் இல்லாதவர் சீனி உம்மாள் வீட்டுத் தென்னைக்கு.
கச்சான் அடிக்கும் மாதங்களில் தொட்டிக்குள் கல் போடு.
உருண்டு வந்த தொட்டி யாருடையது என்று கேட்டால்
என்னுடையது இல்லை என்று சொல்லாதே.
வியாழக்கிழமை எல்லாம் மடைக்கு வரவேண்டும்.

முதல் வியாழன், ஆனி மாதம்.
மடைக்கு இந்தப் பக்கம் வரிசை கட்டி நின்றோம்,
சாலையிலிருந்து இரண்டடி தள்ளி,
ஒரு விரல் பிசகவில்லை.
வண்டிக்காரர் பூவலிங்கம் பிரேக் போட்டார்.
இறங்கவில்லை.
"இது என் எல்லை இல்ல தாயி.
கல்லுக்கு இந்தாண்ட கெடந்தாத்தான் நான் தொடணும்."

மணல் பறந்துகொண்டிருந்தது, பேசினால் பல்லில் நறநறத்தது.
ஜெரோன்சி குனிந்தாள்.
தன் தொட்டியைத் திறந்து
உள்ளே இருந்த கல்லை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்,
குழந்தையை வைப்பதுபோல.

தொட்டி ஒரு கணம் யோசித்தது.
சாய்ந்தது, உருண்டது,
எல்லைக்கல்லில் இடித்துத் துள்ளி
முன்சக்கரத்தில் போய் நின்றது.

பூவலிங்கம் தொட்டியைப் பார்த்தார்,
மேற்கே பார்த்தார்.
"காத்து கொண்டாந்து போட்டா நான் என்ன செய்ய"
என்றபடி இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.
நாங்கள் எல்லோரும் கல்லை எடுத்தோம்.

அன்று என் நீலத்தொட்டி மட்டும் நிற்கவில்லை.
உப்பளத்துக்குள் விழுந்து, இரண்டு பாத்தி தாண்டி,
எடுக்கப் போனபோது ஓரமெல்லாம் உப்பு பூத்திருந்தது.
'கதவு எண்' என்று அச்சடித்த கட்டம்
அப்போதும் காலி.

ஐப்பசியில் காற்று மாறும்.
கொண்டல் வந்தால் மேற்கே தள்ளும், டிரான்ஸ்பார்மருக்கு.
அந்த வண்டிக்காரரோடு எனக்குப் பழக்கமில்லை.
பெயரை மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன்.